ரேடியேட்டர் வால்வு, தெர்மோஸ்டாட், கேஸ் பில்: ஒரு குளிர்காலத்து வேலைக் குறிப்பு

எங்கள் வீட்டில் எட்டு ரேடியேட்டர், பாய்லர் அனுப்பும் வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்ப் பலகைகள். மாடியில் இருக்கும் சின்ன அறையின் வால்வை முழுக்க மூடி நட்சத்திரக் குறியில் வைத்தாலும் அது கை வைக்க முடியாமல் கொதிக்கும். அம்மா படுக்கும் பின்பக்க அறையில் இருப்பதை 5-ல் வைத்தாலும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். இரண்டு குளிர்காலம் இப்படியே ஓட்டியாகிவிட்டது. சின்ன அறையில் சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைப்போம், அம்மா பக்கத்து அறையில் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேஸ் பில் கட்டிக்கொண்டிருந்தோம். 2024-25 குளிர்காலத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். இப்போது வேலை செய்கிறது. என்னென்ன செய்தேன், எது வீண், எவ்வளவு செலவு என்று இங்கிலாந்தில் இதே மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் வீடு. ரெடிங் ஊரில் 1930-களில் கட்டிய செமி டிடாச்டு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது), மூன்று பெட்ரூம். சமையலறைச் சுவரில் காம்பி பாய்லர், அதாவது வெந்நீர்த் தொட்டி கிடையாது, குழாயைத் திறந்தால் அப்போதைக்கு அப்போது சுடவைத்துக் கொடுக்கும் வகை. எல்லா ரேடியேட்டரிலும் 1 முதல் 5 வரை எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு ஏற்கெனவே இருந்தது. வாசல் கதவுக்குப் பக்கத்தில், ரேழிச் சுவரில், பழைய வட்டத் திருகு வைத்த ஒரு தெர்மோஸ்டாட், அந்த இடத்தின் சூட்டைப் பார்த்து பாய்லரை ஓட்டி நிறுத்துவது. ஆக, பொருள் எல்லாமே இருந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பேனரைத் தொடும் முன் மீட்டரைத் தொட்டேன். கேஸ் மீட்டரை தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து, பக்கத்தில் அன்றைய வெளி வெப்பநிலையையும் எழுதினேன். எங்கள் மீட்டர் கன மீட்டர் கணக்கில் ஓடுவது. பில்லில் வரும் யூனிட் (கிலோவாட்-மணி) வேண்டுமென்றால் 1.02264-ஆல் பெருக்கி, பில்லில் போட்டிருக்கும் கலோரி மதிப்பால் (39-க்குப் பக்கத்தில் இருக்கும்) பெருக்கி, 3.6-ஆல் வகுக்க வேண்டும். சுருக்கமாக, ஒரு கன மீட்டர் சுமார் 11.2 யூனிட். வெளியே 4 டிகிரி இருந்த நாட்களில் எங்கள் வீடு நாளுக்கு 7.1 கன மீட்டர் எரித்தது, அதாவது ஏறக்குறைய 80 யூனிட். 2025 ஜனவரியில் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த விலை உச்சவரம்பு யூனிட்டுக்கு சராசரியாக 6.34 பென்ஸ். அதன்படி நாளுக்கு 5 பவுண்டு, நிலைக் கட்டணம் தனி. இந்தக் குறிப்பு இல்லாமல் வேலையை ஆரம்பித்தால் கடைசியில் 'ஏதோ குறைந்த மாதிரி இருக்கிறது' என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியாது. குளிர் குறைந்த வாரத்தில் பில் தானாகவே குறையும். அதனால் ஒரே மாதிரி குளிர் இருந்த நாட்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

அப்புறம் வால்வு. எண் போட்ட பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. அறை சூடானால் அதற்குள் இருப்பது விரிந்து கீழே இருக்கும் பின்னை அழுத்தி தண்ணீரை நிறுத்தும், அறை ஆறினால் விட்டுக்கொடுக்கும். தலையைக் கழற்ற தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை. முதலில் 5-க்குத் திருப்பிவிட வேண்டும், அப்போதுதான் பின் மேல் அழுத்தம் இருக்காது. பிறகு தலைக்கு அடியில் இருக்கும் வளையத்தை இடஞ்சுழியாகத் திருகினால் கையோடு வந்துவிடும். இரண்டு வால்வில் அது இறுகிப்போயிருந்தது. துணியைச் சுற்றி பிளேயரால் பிடித்து மெதுவாகத் திருப்பினேன்.

தலை வந்ததும் நடுவில் மெல்லிய ஒரு பின் தெரியும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தை வைத்து அழுத்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் ஸ்பிரிங் மாதிரி திரும்ப வர வேண்டும். சின்ன அறை பின் அசையவே இல்லை, மேலேயே நின்றுவிட்டது. அதனால்தான் நட்சத்திரத்தில் வைத்தாலும் கொதித்தது, தலை அழுத்துகிறது, பின் இறங்க மறுக்கிறது. அம்மா அறையில் இதற்கு நேர் எதிர், பின் உள்ளே போய்ச் சிக்கியிருந்தது, ஓரமாகக் கசியும் தண்ணீரில்தான் அந்த வெதுவெதுப்பு. கோடை முழுக்க மூடியே கிடந்தால் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும்.

சிக்கிய பின்னின் வேரில் ஒரு துளி சிலிக்கான் ஸ்ப்ரே விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, வால்வின் பித்தளை உடம்பை ஸ்பேனர் கைப்பிடியால் பக்கவாட்டில் லேசாகத் தட்டினேன். அம்மா அறையில் திடீரென்று பின் மேலே எழும்பியது, உடனே உள்ளே தண்ணீர் பாய்கிற 'ஸ்ஸ்' சத்தம். அடுத்த நிமிடமே ரேடியேட்டரின் மேல் விளிம்பு சூடேறத் தொடங்கியது. பின்னை விரலால் அழுத்தி அழுத்தி விட்டு, தடையில்லாமல் போய் வரும்வரை பழக்கினேன். ஒன்று முக்கியம்: வராத பின்னை பிளேயரால் பிடித்து மேலே இழுக்கக் கூடாது. பின் கையோடு வந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாக கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி கார்பெட் போய்விடும். சின்ன அறை பின் எவ்வளவு தட்டியும் இறங்கவில்லை. குளியலறையில் ஒன்று இறங்கியது, ஆனால் பின்னைச் சுற்றிச் சொட்டத் தொடங்கியது. இந்த இரண்டையும் பிளம்பருக்கு ஒதுக்கினேன். அவர் வந்து தண்ணீரை வடித்து, டெஃப்லான் டேப் சுற்றி இரண்டு வால்வையும் மாற்றி, துரு பிடிக்காமல் இருக்க சிஸ்டத்தில் ஊற்றும் திரவத்தையும் புதிதாக ஊற்றிவிட்டுப் போனார். எல்லாம் சேர்த்து 170 பவுண்டு. மற்ற வால்வுகளில் மூன்றின் பின் நன்றாக இருந்தும் தலை வேலை செய்யவில்லை. தலையை மட்டும் வாங்கினேன், ஒன்று 13 பவுண்டு. வாங்கும்முன் மரை அளவைப் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலும் 30 மிமீ குறுக்களவும் 1.5 மிமீ மரையும்தான், ஆனால் சில கம்பெனி வால்வுகளுக்கு தனி அடாப்டர் தேவைப்படும். தலையைக் கழற்றி அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

தண்ணீரை வடித்து நிரப்பியதால் உள்ளே காற்று. ரேடியேட்டரின் மேல் மூலையில் சதுரத் தலை உள்ள ஒரு திருகு இருக்கும், அதற்கான சாவி 2 பவுண்டுக்குள். ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, கீழே ஒரு பழைய துணி பிடித்துக்கொண்டு கால் சுற்று திறந்தால் காற்று போகும், தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூட வேண்டும். எல்லாம் முடிந்ததும் பாய்லரின் அழுத்த முள்ளைப் பார்த்தால் 0.7 பாருக்கு இறங்கியிருந்தது, நிரப்பும் குழாயைத் திறந்து 1.3-க்குக் கொண்டுவந்தேன். சிஸ்டம் ஆறியிருக்கும்போது 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருந்தால் போதும். 3-ஐ நெருங்கினால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டிவிடும்.

அடுத்தது பேலன்சிங். இதில்தான் அதிக நேரம் போனது. ரேடியேட்டரின் மறுமுனையில் வெறும் பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு வால்வு இருக்கும், லாக்‌ஷீல்டு என்பார்கள். தண்ணீர் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் சமையலறை ரேடியேட்டர் எல்லாத் தண்ணீரையும் வாங்கிக்கொள்ள, கடைசியில் இருக்கும் அம்மா அறைக்கு மிச்சம்தான் போகும். கிட்டே இருப்பதை நெருக்கி தூரத்தில் இருப்பதைத் திறந்துவிட வேண்டும்.

எவ்வளவு நெருக்குவது என்று தெரிய உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இதற்காக துப்பாக்கி மாதிரி குறிவைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று 14 பவுண்டுக்கு வாங்கினேன். தொட்டால் கையைச் சுடும் செம்புக் குழாயில் அது 34 டிகிரி என்று காட்டியது. கருவியில் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பக் கட்டிவைத்துவிட்டேன். கருவியில் குறையில்லை. பளபளக்கும் செம்பும் குரோமும் தன் வெப்பத்தை அவ்வளவாக வெளிவிடாது, சுற்றியிருப்பதைத்தான் எதிரொளிக்கும். குழாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றி அதன் மேல் குறிவைத்ததும் 63 என்று வந்தது. எட்டு ரேடியேட்டரிலும் இரண்டு பக்கமும் டேப் சுற்றினேன், இன்னும் அப்படியே இருக்கிறது, பார்க்க அழகில்லைதான், ஆனால் அடுத்த முறை தேடவேண்டாம்.

எல்லாத் தெர்மோஸ்டாட் தலைகளையும் கழற்றிவிட்டு (இல்லாவிட்டால் நடுவில் அவை மூடிக் குழப்பும்), சமையலறை லாக்‌ஷீல்டை முழுக்க மூடி கால் சுற்று மட்டும் திறந்தேன். ரேழிக்கு அரைச் சுற்று. அம்மா அறைக்கு முழுத் திறப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தண்ணீர் நிலைப்பட பதினைந்து இருபது நிமிடம் விட வேண்டும். அவசரப்பட்டால் பொய்க் கணக்கு வரும். கடைசியில் எட்டிலும் வித்தியாசம் 12 முதல் 16 டிகிரிக்குள் வந்தது. எல்லாம் ஒரே எண்ணுக்கு வரவேண்டும் என்று உயிரை விடவேண்டாம். தூரத்து அறை சூடாகிறதா என்பதுதான் கேள்வி.

இவ்வளவும் முடித்தபோது அறைகள் சீராக இருந்தன, அம்மா சால்வையைக் கழற்றினார். மீட்டர் மட்டும் பெரிதாக இறங்கவில்லை. நாளுக்கு 6.9. இங்கேதான் ரேழித் தெர்மோஸ்டாட் கண்ணில் பட்டது. அது 21-ல் இருந்தது. எதிரே ரேழி ரேடியேட்டரின் வால்வு 3-ல். ஒவ்வொரு முறை வாசல் கதவு திறக்கும்போதும், தபால் போடும் பிளவு வழியாகவும், குளிர்காற்று நேராகத் தெர்மோஸ்டாட் மேல் அடிக்கும். நான் திருகை மெதுவாகக் கீழே திருப்பிக்கொண்டே வந்தேன், 18-க்குக் கொஞ்சம் மேலே 'டிக்' என்று சத்தம். அதாவது அந்த இடத்தில் உண்மையில் இருந்தது 18 டிகிரி. ரேழி ரேடியேட்டரின் வால்வோ தன்னருகில் 20 வந்ததும் மூடிக்கொள்கிறது. ரேழி 21-ஐத் தொடவே முடியாது. தெர்மோஸ்டாட்டுக்குத் திருப்தியே வராது, பாய்லர் காலை ஆறரை முதல் இரவு 10 வரை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் மற்ற எல்லா அறையும் போதும் போதும் என்று மூடிக்கொண்டாலும் அதற்குத் தெரியப்போவதில்லை.

தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் தெர்மோஸ்டாட் வால்வு வேண்டாம், இருந்தால் அது முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும் என்பது இங்கே பிளம்பர்களுக்கு அரிச்சுவடி. எங்கள் வீட்டில் முன்பு வேலை செய்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் செய்தது இதுதான்: பழைய திருகை எடுத்துவிட்டு, வயரில்லாத தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கினேன், 65 பவுண்டு. அதன் ரிசீவரைப் பாய்லரோடு இணைக்க எலெக்ட்ரீஷியனுக்கு 80. பாய்லரின் மூடியைத் திறந்து கேஸ் பக்கம் கை வைக்கும் எந்த வேலையும் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டும், அது சட்டம், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டை நாங்கள் அதிகம் இருக்கும் ஹாலில், ஜன்னலும் டிவியும் இல்லாத சுவர்ப் பக்கத்து அலமாரியில், உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில் வைத்தேன். ஹால் ரேடியேட்டரின் வால்வை 5-க்குத் திறந்து விட்டுவிட்டேன். குளியலறையையும் மூடுவதில்லை, எல்லா வால்வும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் பம்ப் தண்ணீரைத் தள்ள வழியில்லாமல் முனகும். ஹால் 20 ஆனதும் பாய்லர் நிற்கிறது. இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் மீட்டர் நோட்டில் முதல் பெரிய இறக்கம்.

மற்ற அறைகளை வால்வு எண்ணால் பிரித்தேன். எங்கள் பெட்ரூம் 2, அது 16-17 டிகிரிக்கு வருகிறது, தூங்க அதுவே நன்றாக இருக்கிறது. சமையலறை 1, அடுப்புச் சூடே போதும். அம்மா அறை 4. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது. வயதானவர்களுக்கு அதற்கு மேலேயே தேவைப்படும், அதனால் அம்மா அறையில் பைசா மிச்சம் பிடிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. 21-க்குக் குறையாமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த அறையில் ஒரு தகராறு. 4-ல் வைத்தும் அறை 18-ஐத் தாண்டவில்லை. அம்மா உடனே 5-க்குத் திருப்புவார், கொஞ்ச நேரத்தில் 1-க்கு, மறுபடி 5-க்கு.

"ஏண்டா, 5-ல வெச்சா சீக்கிரம் சூடாகும்ல?"

"இல்லம்மா, இது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி வேகம் இல்ல. 4-ன்னா 22 டிகிரி வர வரைக்கும் ஓடும், வந்ததும் நின்னுடும். 5-ல வெச்சாலும் அதே வேகத்துலதான் சூடாகும்."

"அப்ப ஏன் இது 22 வரதுக்குள்ளயே நிக்குது?"

நியாயமான கேள்வி. பதில் திரையில் இருந்தது. தரை வரை தொங்கும் கனமான திரையை அம்மா சாயங்காலமே இழுத்துவிடுவார், ரேடியேட்டரும் வால்வுத் தலையும் முழுக்க அதற்குப் பின்னால். திரைக்குப் பின்னால் 25 டிகிரி ஆகிவிட, தலை அறையே சூடாகிவிட்டது என்று மூடிக்கொள்கிறது. சூடு ஜன்னல் கண்ணாடி வழியாகத் தோட்டத்துக்குப் போகிறது. என் மனைவி திரையை ஜன்னல் விளிம்பு வரை மடித்துத் தைத்தார், செலவு ஒன்றும் இல்லை. அன்று இரவே அறை 21. ஹாலிலும் ரேடியேட்டர் முன்னால் ஒட்டிக் கிடந்த சோபாவை ஒரு முழம் தள்ளிப்போட்டோம். வால்வைச் சோதிக்கும் முன் அதன் எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

இன்னொரு சிக்கல், ஹால் 20 ஆனதும் பாய்லர் நின்றுவிடும் என்றேன் அல்லவா. ராத்திரி ஒன்பதரைக்கு நாங்கள் எல்லோரும் ஹாலில் இருக்க, ஆள் சூடும் டிவி சூடும் சேர்ந்து ஹால் 20-லேயே நிற்கும், மாடியில் அம்மா அறை மெல்ல ஆறும். வால்வு திறந்துதான் இருக்கும், ஆனால் பாய்லர் ஓடாமல் வால்வு மட்டும் என்ன செய்யும். இதற்கு மோட்டார் வைத்த, நேரம் குறிக்கக்கூடிய தலை இரண்டு வாங்கிப் பார்த்தேன், ஒன்று 22 பவுண்டு, இரண்டு பென் பேட்டரி. அவையும் திறந்து மூடத்தான் தெரிந்தவை, பாய்லரைக் கூப்பிடத் தெரியாதவை. பாய்லரைக் கூப்பிடும் வகை விலை அதிகம், எல்லா அறைக்கும் போட்டால் பல நூறு பவுண்டு. அம்மாவுக்கு அந்த மோட்டாரின் 'க்ர்ர்' சத்தமும் பிடிக்கவில்லை. கடைசியில் கிடைத்த வழி சுலபமானது. தெர்மோஸ்டாட்டுக்கு வயர் கிடையாது, ஸ்டாண்டில்தான் நிற்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதை மாடிக்கு எடுத்துப்போய் அம்மா அறை மேஜையில் வைத்து, அந்த அறை வால்வை 5-க்குத் திருப்பிவிடுகிறேன். இரவு முழுக்க அந்த அறைதான் வீட்டின் அளவுகோல். காலையில் திரும்ப ஹாலுக்கு, அம்மா அறை வால்வு திரும்ப 4-க்கு. மோட்டார் தலை இரண்டையும் எங்கள் பெட்ரூமுக்கும் நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சின்ன அறைக்கும் மாற்றினேன், அங்கே நன்றாகவே உதவுகின்றன. வேலை நேரத்தில் 19, மற்ற நேரம் 15.

சின்ன அறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புது வால்வு போட்ட உற்சாகத்தில், விடுமுறையில் அந்த அறையை யாரும் பயன்படுத்தவில்லை என்று நட்சத்திரக் குறிக்கு மூடி, கதவைத் திறந்தே விட்டிருந்தேன். நட்சத்திரம் என்றால் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ளும் அளவு, 7 டிகிரி போல. சமையல் ஆவி, குளியல் ஆவி, உலரப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் வீட்டில் எங்கே குளிர்ச்சியோ அங்கே போய்த்தான் தங்கும். வெளிச்சுவர் மூலையில், அலமாரிக்குப் பின்னால், கறுப்புப் பூஞ்சை. ஈரப்பத மீட்டர் ஒன்று 9 பவுண்டுக்கு வாங்கி வைத்தால் 78 சதவீதம் காட்டியது. துடைத்து, பூஞ்சை மருந்து அடித்து, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தேன். ஜன்னல் மேலுள்ள சின்னக் காற்றுப் பிளவைத் திறந்தாயிற்று. யாரும் இல்லாவிட்டாலும் அறை 15-க்குக் கீழே போவதில்லை, கதவு மூடியே இருக்கும். இப்போது 60-க்குள் இருக்கிறது. ஒரு அறையை முழுக்கக் குளிரவிட்டு மிச்சம் பிடிக்கும் காசு பூஞ்சை மருந்துக்கும் பெயின்ட்டுக்கும் இருமலுக்கும் போய்விடும்.

கடைசி வேலை, செலவே இல்லாதது, இரண்டாவது பெரிய இறக்கம் தந்தது: பாய்லர் ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் வெப்பம். பாய்லர் முகப்பில் குழாய்ப் படம் போட்ட திருகு ஒன்று, ரேடியேட்டர் படம் போட்ட திருகு ஒன்று. நான் சொல்வது இரண்டாவது. எங்களுடையதில் எண்ணே கிடையாது, முக்கால் திருகில் இருந்தது. டேப் சுற்றிய குழாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 75. இப்போதுள்ள பாய்லர்கள் புகையில் போகும் நீராவியையும் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்பவை. அதற்குத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 75-ல் அனுப்பினால் 60-க்கு மேல்தான் திரும்பி வரும், அந்த வசதி சும்மா கிடக்கும். திருகை இறக்கி 60-க்குக் கொண்டுவந்தேன், திரும்பி வருவது 45. பாய்லருக்கு அடியில் இருந்து வெளியே போகும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் முன்பு எப்போதாவது சொட்டும், இப்போது சாக்கடை மூடிப் பக்கம் நின்றால் தொடர்ந்து ஓடும் சத்தம் கேட்கிறது. அந்தத் தண்ணீர்தான் நமக்குத் திரும்பக் கிடைத்த சூடு. வெளியே 8-9 டிகிரி இருக்கும் நாட்களில் 55 போதும். உறைபனி விழுந்த நாட்களில் 63-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டுக்காரர்கள் கவனம்: தொட்டித் தண்ணீர் 60-க்குக் குறையக் கூடாது, கிருமி வளரும். காம்பியில் அந்தப் பிரச்சினை இல்லை.

இதற்கு ஒரு பழக்கம் மாற வேண்டும். ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடாது, அம்மா தொட்டுப் பார்த்து "சூடே இல்லையேடா" என்று தினமும் கேட்டார். மேஜை மேல் இருக்கும் 21 என்ற எண்ணைக் காட்டிக் காட்டித்தான் நம்பவைத்தேன். அறை சூடாக அதிக நேரம் ஆகும் என்பதால் காலை ஆறரைக்கு ஆரம்பித்ததை ஐந்தரைக்கு மாற்றினேன். பாய்லர் அதிக நேரம் ஓடுகிறது, ஆனால் குறைவாக எரிக்கிறது. இது முதலில் எனக்கும் உறுத்தியது, மீட்டரைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

கணக்கு. மறுபடி வெளியே 4 டிகிரி இருந்த நாட்களில் நாளுக்கு 5.7 கன மீட்டர், 64 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. முன்பு 80. நாளுக்கு 16 யூனிட், ஏறக்குறைய ஒரு பவுண்டு. கடுங்குளிரில் ஒரு பவுண்டு என்றால் அக்டோபரிலும் ஏப்ரலிலும் அதில் பாதிகூட இருக்காது. வருடத்துக்கு 110 முதல் 130 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறேன். செலவு: வெப்பமானி 14, ஈரப்பத மீட்டர் 9, சாவி 2, சிலிக்கான் ஸ்ப்ரே 4, தலைகள் 39, பிளம்பர் 170, தெர்மோஸ்டாட் 65, எலெக்ட்ரீஷியன் 80, மோட்டார் தலைகள் 44. மொத்தம் 427 பவுண்டு. மூன்றரை நான்கு வருடத்தில் திரும்பி வரும். பிளம்பர் வேலை எப்படியும் செய்தே ஆகவேண்டியது, அதை மிச்சத்தோடு சேர்த்துப் பார்ப்பது சரியில்லை என்று மனைவி சொல்கிறார், அதுவும் சரிதான்.

மறுபடி முதலிலிருந்து செய்வதென்றால் வரிசையை மாற்றுவேன். முதல் நாளே பாய்லர் திருகை 60-க்கு இறக்கிவிட்டு, திரைகளையும் சோபாவையும் பார்ப்பேன், இவை இலவசம். அடுத்து தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது, அந்த அறை வால்வு திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பின்களையும் பேலன்சிங்கையும் அதன் பிறகு. மோட்டார் தலைகளை வேலை எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, தேவை என்று பட்டால் மட்டும் வாங்குவேன். அப்புறம், பிளம்பர் தண்ணீரை வடித்தபோது வந்தது ஆற்றுச் சேறு நிறத்தில் கறுப்பாக இருந்தது, இரும்புத் துரு. அப்போதே காந்த வடிகட்டி ஒன்று போடச் சொல்லியிருக்கலாம். இந்த வருடம் பாய்லர் சர்வீஸ் வரும்போது அதைக் கேட்டு வைத்திருக்கிறேன். மே மாதம் ஹீட்டிங்கை நிறுத்தியதும் எல்லா வால்வுகளையும் 5-க்குத் திறந்து விட்டுவிட்டேன், பின்கள் மேலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் நட்சத்திரம் வரை திருப்பி, திரும்ப 5-க்கு விடுகிறேன். எட்டும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.